ரங்கூன் ஆச்சியின் நினைவு நாள்: செட்டிநாட்டு மாளிகை விடுதி ஒன்றின் உபசரிப்பைப் பற்றி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய நகரத்தார் வீடுகளைத் தங்கும் விடுதிகளாக நடத்துபவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். திருமணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் அவ்வீடுகளை வாடகைக்கு எடுப்பது பற்றிய மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நூற்றொரு வயது வாழ்ந்து மறைந்த ஒரு யூத மூதாட்டியின் ஆண்டு நினைவை, அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் சமய விதிப்படி அனுசரிப்பதற்காக அப்படியொரு விடுதியைக் கேட்டுப் பெற்றவர்கள் எழுதிய மதிப்புரை எதையும் நான் பார்த்ததில்லை. அந்த ஏற்பாட்டை இங்கிருந்து செய்துகொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விடுதியின் பெயரைத் தரவில்லை. குறைகளையும் சொல்லவேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம், இப்பகுதியில் எந்த வீட்டைப் பதிவு செய்தாலும் கேட்கவேண்டிய கேள்விகள் ஏறத்தாழ இவைதாம் என்பது மற்றொரு காரணம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த விடுதியின் அடுப்படிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். அலுவலக அறைக்குப் பாதிதான் தர முடியும். அடுப்படியில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாம் தெரியும் என்று எண்ணிக்கொண்டு செய்தார்கள்.

விருந்தினர் யார், எதற்காக வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட இயலாது. எங்கள் வீட்டில் 'ரங்கூன் ஆச்சி' என்று குறிப்பிடப்படும் அந்த அம்மையார் 1921இல் ரங்கூனில் பிறந்தவர். பாக்தாதிலிருந்து பம்பாய், கல்கத்தா வழியாகப் பர்மாவுக்குச் சென்ற யூத வணிகக் குடும்பம் அவர்களுடையது. இரண்டாம் உலகப்போருக்கு முன்பு ரங்கூனில் ஏறத்தாழ இரண்டாயிரம் யூதர்கள் வாழ்ந்தார்கள். 26ஆம் தெருவில் 1896இல் கட்டி முடிக்கப்பட்ட மஸ்மியா யெஷுவா என்னும் ஜெபஆலயம் அவர்களுக்கு நடுநாயகமாக இருந்தது. நம்மவர்களான நகரத்தாரின் வட்டிக்கடைகள் கூடிய கிட்டங்கிகள் இருந்த மொகல் தெரு அதற்கு மிக அருகில். அம்மையாரின் தந்தை துணி இறக்குமதி செய்தவர். அதற்கான முதலீட்டுப் பணத்தை மொகல் தெரு வட்டிக்கடை ஒன்றில் தவணைக்கு வாங்கிவந்தார். அந்தக் கடைக்கு மேலாளாக இருந்தவர் என்னுடைய ஐயா, அதாவது தாத்தா. இரு தரப்புக்கும் பழக்கம் ஏற்பட்டது வட்டிக் கணக்கில்தான் என்பதை மறைப்பதற்கில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது முதன்முறையாகக் குண்டு வீசின. அடுத்த சில வாரங்களில் கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாகவும் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். அந்த நடைப்பயணத்தில் பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்தார்கள். அம்மையாரின் குடும்பத்துக்குச் சென்னைக் கப்பலில் இடம் கிடைத்தது. சென்னையிலும் அவர்கள் அதிக காலம் தரித்திருக்க முடியவில்லை. 1942 ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பும் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டவுடன் அடுத்தது சென்னைதான் என்ற அச்சம் பரவி, அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. நகரம் பாதி காலியாயிற்று. அவர்களுக்கு முன்னரே ஊர் திரும்பிவிட்ட என் ஐயா அந்தச் சமயத்தில் சென்னைக்குச் சென்று அவர்களை அழைத்துவந்து, எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில், அதாவது இரண்டாம் முற்றத்தைச் சுற்றிய பகுதியில், குடியமர்த்தினார். மழைக்காலம் முடிந்து, கல்கத்தாவில் உறவினர் வீட்டில் இடம் உறுதியாகும்வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். இருபத்தொரு வயதுப் பெண்ணாக வந்த அவர் எங்கள் அப்பத்தாவிடம் பணியாரம் சுடவும், அப்பத்தா அவரிடம் வெந்தயத்தை ஊறவைத்து நுரைக்க அடிக்கும் ஒரு துவையலைச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை. இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி ரங்கூன் கடைத்தெருவின் உடைந்த இந்துஸ்தானி மட்டுமே.

கல்கத்தாவில் 1944இல் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் இளம் வயதிலேயே இறந்துவிட, வீட்டிலேயே பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட்டுகளும் சமோசாவைப் போன்ற சம்பூசாக்கும் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். போர்க்காலத்தில் பர்மா அகதிகளும் சேர்ந்து ஐயாயிரத்தை எட்டியிருந்த கல்கத்தா யூதர்களின் எண்ணிக்கை, 1947க்குப் பிறகு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது; 1967இல் அவரும் லண்டனுக்குச் சென்றார். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கேயே காலமானார்.

இந்த நெடிய வாழ்க்கையில் எங்கள் வீட்டார் மறக்காத செய்தி ஒன்று உண்டு. அவருடைய தந்தை இறந்தபின் பழைய தாள்களை ஒழுங்குபடுத்தியபோது, மொகல் தெருக் கடைக்குத் தரவேண்டிய பாக்கி ஒன்று அவர் கண்ணில் பட்டது. கடை எரிந்துபோயிருந்தது, கணக்குக் கேட்பார் யாருமில்லை. 1948இல் பர்மிய அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபிறகு, கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் கால் பங்கைக் கையில் வைத்திருந்த நகரத்தாரே வெறுங்கையுடன் நின்ற காலம் அது. இருந்தும் அவர் கல்கத்தாவிலிருந்து மணியார்டரில் சிறிது சிறிதாக அந்தத் தொகையை அனுப்பித் தீர்த்தார். போர் நடந்த ஆண்டுகளுக்கு வட்டி கிடையாது என்று ஐயா எழுத, போருக்கு முந்தைய மாதங்களுக்கான வட்டியைத் தாமே கணக்கிட்டு இறுதித் தவணையோடு சேர்த்தனுப்பினார். எங்கள் பேரேட்டில் 'ரங்கூன் ஆச்சி வரவு' என்ற தலைப்பில் அந்தப் பற்றுவரவு இன்றும் இருக்கிறது. நினைவு நாளுக்கு அந்தப் பேரேட்டைக் கொண்டுவர முடியுமா என்று அவருடைய மூத்த பேத்தி கேட்டதுதான் இந்த ஏற்பாடு முழுவதற்கும் தொடக்கம். எங்கள் சொந்த வீடு பங்காளிகளுக்குள் பிரிபட்டுப் பூட்டிக் கிடக்கிறது. அடுப்படியின் ஓடுகள் சரிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. எனவே கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு விடுதியை நாடவேண்டியதாயிற்று.

யூதர்கள் இறந்தவரின் ஆண்டு நினைவை எபிரேய நாட்காட்டியின்படி கணக்கிடுகிறார்கள். அது சந்திரனின் ஓட்டத்தைப் பின்பற்றும் நாட்காட்டி. பருவங்களோடு பொருந்துவதற்காகப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழுமுறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறது. நாம் திதி பார்ப்பதைப் போலவே அவர்களுக்கும் நாள் ஆண்டுக்காண்டு ஆங்கிலத் தேதியில் நகரும். நாள் தொடங்குவது மட்டும் நமக்குச் சூரிய உதயத்தில், அவர்களுக்கு முந்தைய மாலையின் அஸ்தமனத்தில். இந்த ஆண்டு அது தை மாதக் கடைசியில் வந்தது. வெயிலுக்குப் பழகாத முதியவர்களுக்கு நம் ஊரில் அதைவிட நல்ல பருவம் வாய்க்காது. முன்பதிவு செய்யும்போதே, மாலையில் தொடங்கி மறுநாள் மாலையில் முடியும் நிகழ்ச்சி இது என்பதை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்திருந்தேன். அவர்களுடைய கணக்கோ பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மறுநாள் பதினொரு மணி வரை. நினைவு நாளின் பிற்பகுதி முழுவதும் அறைகளைக் காலி செய்யச் சொல்லும் நேரத்துக்குப் பின் வந்தது. இன்னோர் இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்துதான் அதைச் சமாளித்தோம். நாளின் கணக்கு வேறுபடும் விருந்தினர்களுக்கு நேரத்தைச் சற்றுத் தள்ளிக்கொடுப்பது பெரிய காரியம் அன்று. அன்று அந்த வீட்டில் வேறு யாரும் தங்கியிருக்கவில்லை.

இனி அடுப்படிக்கு வருகிறேன். கோஷர் என்னும் உணவு விதிகளைப் பற்றிப் பன்றி இறைச்சி கூடாது என்பதற்குமேல் இங்கே பெரும்பாலோர்க்குத் தெரியாது. அவர்களுடைய விதிப்படி, பயிற்சி பெற்ற யூதர் ஒருவர் அறுத்த கோழியோ ஆடோதான் உண்ணத்தக்கது. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக்கூடாது. செதிலும் துடுப்பும் இல்லாத மீன் ஆகாது, ஆகவே நண்டும் இறாலும் இல்லை. காரைக்குடியில் அப்படி அறுத்துத்தர ஆள் இல்லை என்பதால் சைவச் சமையல் என்று முதலிலேயே முடிவாயிற்று. அதனால் மட்டும் வேலை முடிந்துவிடவில்லை. மற்றவர்கள் சமைத்த பாத்திரங்களைப் பயன்படுத்தலாகாது. புதிய உலோகப் பாத்திரமாக இருந்தாலும், யூதரல்லாதவரிடம் வாங்கியது என்றால், அதை இயற்கை நீர்நிலை ஒன்றில் முழுக்காட்டிய பிறகே அடுப்பில் ஏற்றலாம். கீரையிலும் கறிவேப்பிலையிலும் அரிசியிலும் பூச்சி, புழு ஒன்றுகூட இருக்கலாகாது. அடுப்பை மூட்டுவதிலோ, பாத்திரத்தை அதன்மேல் ஏற்றுவதிலோ யூதர் ஒருவரின் கை இருந்தாகவேண்டும்.

இவற்றை நான் ஒவ்வொன்றாகச் சொன்னபோது தலைமைச் சமையல்காரர் முகம் சுளிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளில் கோட்டை அடுப்பின்முன் நின்றவர் அவர். ஒவ்வொரு விதிக்கும் காரணம் கேட்கவில்லை, எல்லை எது என்று மட்டும் கேட்டார். "சட்டியைத் தொடலாமா? கரண்டி போடலாமா? தாளிப்பு நான் போட்டா குத்தமா?" என்பவையே அவருடைய கேள்விகள். பழைய அடுப்படியைத் தொடாமல், பின்கட்டில் புதிய செங்கல் வைத்துத் தனியாக ஓர் அடுப்பு அமைத்துத் தந்தார். முதல் நாள் மாலையில் பேத்தி தீக்குச்சியைக் கிழித்து அதை மூட்டியபோது, "இனிமே நீங்க உக்காருங்க ஆச்சி, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை ஆச்சி என்று அவர் அழைத்தது அந்தக் குடும்பத்தாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த நாள் முழுவதும் அவரவர் மாறி மாறி அவளை அப்படியே அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாத்திரங்களை முழுக்காட்டியது இந்த ஏற்பாட்டின் மிகச் சுவையான பகுதி. காரைக்குடிக் கடைத்தெருவில் வாங்கிய எவர்சில்வர் குண்டான்களும் இருப்புச் சட்டியும் கரண்டிகளும் ஒரு வேனில் வந்திறங்கின. வளவு என்னும் முற்றத்தின் மூலையில் மழைநீரைப் பிடிக்க வைத்திருந்த பெரிய பித்தளை அண்டாவிலேயே முக்கிவிடலாமே என்று விடுதிப் பணியாளர் ஒருவர் யோசனை சொன்னார். நீர் மழைநீராக இருப்பது மட்டும் போதாது, பாத்திரத்துக்குள் அடங்காமல் மண்ணில் தேங்கியதாக இருக்கவேண்டும், அதுவும் சில நூறு லிட்டருக்குக் குறையாமல் ஒரே இடத்தில் நிற்கவேண்டும் என்று பேத்தி விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த சமையல்காரர், அப்படியானால் ஊருணி இருக்கும்போது அண்டா எதற்கு என்றார். வானம் பார்த்த இந்தப் பூமியில் நம் முன்னோர் வெட்டிவைத்த ஊருணிகள் யூதச் சட்டத்தின் இந்தத் தேவைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. கால் படக்கூடாத குடிநீர் ஊருணியை விட்டுக் குளிக்கும் ஊருணிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதிலும் பணியாளர்கள் கவனமாக இருந்தார்கள். படிக்கட்டில் நின்று பேத்தி ஒரு சிறு இறைவாழ்த்தைச் சொல்லி ஒவ்வொரு பாத்திரமாக நீரில் அமிழ்த்தி எடுத்ததைப் பார்க்கப் பாதி ஊர் கூடிவிட்டது. ஏதோ படைப்புக்கான பாத்திரம் கழுவுகிறார்கள் என்று வயதான ஒருவர் மற்றவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை; முன்னோருக்காக வீட்டார் ஒன்றுகூடிச் சமைத்துண்ணும் நாள் என்ற அளவில் அது சரிதானே.

அரிசியும் கீரையும் பார்ப்பதற்கு உள்ளூர்ப் பெண்கள் மூவரை விடுதி ஏற்பாடு செய்திருந்தது. அரிசியைச் சுளகில் பரப்பி மூன்று தடவை பார்க்கவேண்டும் என்பது பாக்தாத் யூதர்கள் பஸ்கா பண்டிகைக்குக் கைக்கொள்ளும் வழக்கம். அன்றைக்கு அது தேவையில்லை என்றாலும், ரங்கூன் ஆச்சி ஆண்டு முழுவதும் அப்படித்தான் செய்வார் என்பதால் குடும்பத்தார் அதையே வேண்டினார்கள். மூன்றாம் தடவையில் அகப்பட்ட ஒரே ஒரு வண்டைக் காட்டி அந்தப் பெண்களில் ஒருவர் அடைந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது. கறிவேப்பிலையை உப்புநீரில் ஊறவைத்து, ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட வேலைக்குத் தனிக்கூலி கேட்கும் விடுதிகள் உண்டு, இங்கே கேட்கவில்லை.

உணவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பாக்தாத் யூதர்களின் நினைவு விருந்தில், வந்தவர்கள் பல வகை உணவுகளை உண்டு ஒவ்வொன்றுக்கும் உரிய இறைவாழ்த்தைச் சொல்வது வழக்கம். அந்த வாழ்த்துகளின் பலன் மறைந்தவரின் ஆன்மாவைச் சேரும் என்பது நம்பிக்கை. மரத்தில் காய்ப்பதற்கு ஒரு வாழ்த்து, மண்ணில் விளைவதற்கு மற்றொன்று, தானியப் பலகாரத்துக்கு வேறொன்று, நறுமணத்துக்கும் ஒன்று. இதனால் விருந்தின் பட்டியலை ருசியால் மட்டும் அல்லாமல் வகையாலும் அமைக்கவேண்டியிருந்தது. பேரீச்சை, மாதுளை, கொய்யா, நெல்லி ஆகியவை முதல் வகை. வாழைப்பழத்தை அவற்றோடு சேர்த்து வைத்திருந்த தட்டைப் பேரன் ஒருவர் பிரித்து வைத்தார். வாழை ஆண்டுக்காண்டு தண்டு பட்டுப்போகும் தாவரமாதலால் அது மண்ணின் விளைச்சலோடுதான் சேரும். வாழை மரம் என்று சொல்லியே பழகிய சமையல்காரருக்கு இது மட்டும் இறுதிவரை ஒப்பவில்லை. நறுமணத்துக்கு ஏலக்காயும் கிராம்பும் மரிக்கொழுந்தும் வைக்கப்பட்டன. பாக்தாத் யூத வீடுகளில் விருந்தினர்மேல் பன்னீர் தெளிப்பார்கள் என்று மகள் சொன்னவுடன், விடுதிக் காட்சிப் பெட்டியில் பூட்டியிருந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பு துலக்கப்பட்டு வந்தது. கேட்காமலேயே செய்த உபசாரங்களில் இதுதான் மிகச் சிறந்தது.

திராட்சை மதுவுக்கும் கோஷர் விதி உண்டு. அப்படிப்பட்டது இங்கே கிடைக்காது. இந்திய யூதர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வழியையே இங்கும் பின்பற்றினார்கள். உலர்திராட்சையை இரவு முழுவதும் ஊறவைத்து, காய்ச்சி, கசக்கி வடிகட்டிய சாறு அது. 1942இல் எங்கள் இரண்டாங்கட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் இந்தச் சாறு தயாரானதாக என் அப்பச்சி (அப்பா) சொல்லிக் கேட்டிருக்கிறேன். வடிகட்டியபின் மிஞ்சிய சக்கையைச் சர்க்கரை போட்டுத் தின்பதற்குப் பிள்ளைகளிடையே போட்டி நடக்குமாம்.

ரங்கூன் ஆச்சியின் சமையல் குறிப்பேட்டை மகள்கள் கொண்டுவந்திருந்தார்கள். அதில் எபிரேயக் கையெழுத்தும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட ஒரு பக்கத்தில் வெள்ளைப் பணியாரம் இருந்தது. பச்சரிசியை ஒரு கிண்ணம் தலைதட்டி அளந்து, அதே கிண்ணத்தின்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கவேண்டும் என்ற அளவைப் பேத்தி படித்துச் சொல்ல, சமையல்காரர் வியப்புடன் மற்றவர்களை அழைத்து, மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். கிராம் கணக்கில் எழுதப்பட்ட எந்தப் புத்தகத்திலும் அந்தக் கோபுரம் இருக்காது. அது ஒரு கை இன்னொரு கைக்குக் காட்டிக்கொடுக்கும் அளவு. மாவைப் புளிக்கவிடாமல் ஆட்டியவுடன் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுத்த அந்தப் பணியாரங்கள் ஓரம் சிவக்காமல், நடுவில் மெத்தென்று, வரமிளகாய்த் துவையலுடன் வந்தன. நான் இப்பகுதியில் பல விசேஷ வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன். இவ்வளவு வெண்மையான பணியாரத்தை அண்மையில் கண்டதில்லை.

அவர்களுடைய பக்கத்திலிருந்து வந்தவற்றில் கல்கத்தா யூதர்களின் ஆலு மகல்லாவுக்கு முதலிடம். தோலுரித்த முழு உருளைக்கிழங்குகளை மஞ்சளும் உப்பும் இட்டு அரைவேக்காடாக எடுத்து, ஆறிய எண்ணெயில் மூழ்கவைத்து, மிக மெல்லிய தீயில் மேலோடு கடினமாகும்வரை பொரிக்கிறார்கள். கரண்டியால் தட்டினால் ஓசை வரவேண்டும். விறகடுப்பில் தீயை அவ்வளவு நேரம் ஒரே நிலையில் வைத்திருப்பது எளிதன்று. சமையல்காரரின் உதவியாள் அருகிலேயே அமர்ந்து கொள்ளியை இழுப்பதும் தள்ளுவதுமாக அதைச் சாதித்தார். தக்காளியையும் கத்திரிக்காயையும் குடைந்து சோறு அடைத்த மஹாஷா சுமார் ரகம். இறைச்சிக்குப் பதிலாகக் கொண்டைக்கடலையைச் சேர்த்ததில் ஈரம் போய்விட்டது. கவுனி அரிசியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கருப்பரிசியைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துப் பரிமாறியபோது, மூத்த மகள் ஒரு வாய் உண்டுவிட்டு, ரங்கூனைவிட்டு வந்தபிறகு தம் தாய் ஏங்கியது இதற்குத்தான் என்றார்.

விளக்கைப் பற்றிய சிக்கலை இனிச் சொல்லவேண்டும். நினைவு நாள் தொடங்கும் அஸ்தமனத்தில் ஏற்றும் விளக்கு மறுநாள் அஸ்தமனம்வரை அணையாமல் எரியவேண்டும். மனிதனின் உயிர் இறைவன் ஏற்றிய விளக்கு என்பது அவர்களுடைய மறைநூல் வாக்கு. மெழுகுவர்த்தி ஏற்றுவோர் உண்டு. ரங்கூன் ஆச்சி தம் கணவருக்காக ஆண்டுதோறும் ஏற்றியது கண்ணாடிக் குவளையில் நீரும் அதன்மேல் எண்ணெயும் ஊற்றித் திரி மிதக்கவிட்ட விளக்கு என்பதால் அதையே ஏற்றினார்கள். காமாட்சி விளக்கு வேண்டாம், உருவம் எதுவும் பொறிக்கப்படாதது வேண்டும் என்பதை அடுப்படிப் பணியாளர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, தேக்குமரத் தூண்கள் உள்ள வீட்டில் இரவில் தீ எரியக்கூடாது என்பது விதி, அணைத்துவிடுங்கள் என்றார். விதி நியாயமானதே, அதை முன்பதிவின்போது சொல்லியிருக்கவேண்டும். இருபத்துநான்கு மணி நேர விளக்கு என்று நான் எழுதியனுப்பிய கடிதம் அவர்களிடம் இருந்தது. இரண்டு மகள்களும் கண்கலங்கி நிற்க, அரைமணி நேரம் வாதாடவேண்டியதாயிற்று. இறுதியில் விளக்கு ஒரு செம்புத் தாம்பாளத்தில் நீர் நிரப்பி அதன் நடுவே வைக்கப்பட்டு, மரத்தூண்களிலிருந்து விலகிப் பளிங்குத் தரைக்கு இடம் மாறியது. இரவுக் காவலர் தாமாகவே நாற்காலியைப் போட்டுக்கொண்டு விடியும்வரை அதன் அருகில் இருந்தார். எண்ணெய் குறையும் போதெல்லாம் பேரனை எழுப்பினார். அவருக்குத் தனியாக நன்றி சொல்லச் சொல்லி, ஊர் திரும்பியபிறகும் அந்தக் குடும்பத்தார் எனக்கு எழுதினார்கள்.

அலுவலகத்தின் மற்றொரு குறை வரவேற்பு. முகப்பில் வண்ணத் துணியில் 'இனிய விழா வாழ்த்துகள்' என்று அச்சிட்ட பதாகையும், நாதஸ்வர ஒலிப்பதிவும், சந்தனக் கிண்ணமும் காத்திருந்தன. அம்மையாரின் படத்துக்குப் போடுவதற்காக ரோஜா மாலை ஒன்றும் தயாராக இருந்தது. படத்துக்கு மாலையிடுவது அவர்கள் வழக்கம் அன்று. மாலையைப் பணிவாக மறுத்து, பூக்களை மட்டும் மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். நல்லெண்ணத்தில் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கக்கூடியவை இவை.

வழிபாடு எளிமையாக நடந்தது. இறந்தவருக்காகச் சொல்லும் கதிஷ் என்னும் அரமேய மொழி வேண்டுதலில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, முழுவதும் இறைப்புகழ்ச்சிதான். ஆனால் அதைச் சொல்ல வயதுவந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும். வந்திருந்தவர்களில் ஆண்கள் ஏழு பேர். செட்டிநாட்டில் மற்ற மூவரை எங்கே தேடுவது? கதிஷை லண்டனில் உள்ள உறவினர்கள் அன்றே சொல்லிவிடுவதாக ஏற்பாடு. இங்கே, 119ஆம் சங்கீதத்திலிருந்து அம்மையாரின் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எட்டு எட்டு வசனங்களை வாசித்தார்கள். எபிரேய அகரவரிசைப்படி அமைந்த பாடல் அது என்பதால் எந்தப் பெயருக்கும் இப்படி ஒரு வாசிப்பு அமைந்துவிடுகிறது. அதன்பின் பேரேடு விரிக்கப்பட்டது. ஐயாவின் கையெழுத்தில் இருந்த தமிழ் இலக்கங்களை நான் வாசிக்க, பேத்தி ஒவ்வொரு மணியார்டர் ரசீதையும் அதோடு ஒத்துப் பார்த்தார். ஒரு தவணைக்கு மட்டும் ரசீது இல்லை. அந்தத் தவணை எங்கள் பேரேட்டில் இருக்கிறதே என்று நான் சொன்னபோது, அம்மா இருந்தால் ரசீதைத் தேடாமல் தூங்கியிருக்கமாட்டார் என்று இளைய மகள் சிரித்தார்.

தங்கும் வசதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அறைகள் விசாலம், படுக்கை நன்று, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெறுங்காலுக்குச் சுகம். மாடிப்படிகள் செங்குத்தானவை, ஒரு பக்கத்தில் மட்டுமே கைப்பிடி உள்ளது. எழுபதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்த்தளத்து அறைகளை எழுத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது. குளியலறை நிலைப்படி உயரமானது. வெந்நீர் காலை எட்டு மணிக்குமேல் தடுமாறுகிறது. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு ஐயாயிரத்தைச் சற்றுத் தாண்டிய வாடகை, இப்பகுதியின் புகழ்பெற்ற மாளிகை விடுதிகளோடு ஒப்பிட்டால் மிதமானது.

இத்தகைய நிகழ்ச்சிக்கு இங்கே ஒரு வீட்டை எடுக்க நினைப்பவர்கள் அலுவலகத்தோடு மட்டும் பேசிவிட்டு இருந்துவிடக்கூடாது. ஒருமுறை நேரில் சென்று சமையல்காரரைப் பாருங்கள். இரவு விளக்கு, தனி அடுப்பு, அறையைக் காலிசெய்யும் நேரம் ஆகிய மூன்றையும் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பாத்திரங்களின் செலவு உங்களுடையது. நாங்கள் வாங்கியவற்றைத் துணியில் கட்டி, பெட்டியில் பூட்டி, இனி வரக்கூடிய யூத விருந்தினர்களுக்காக அந்த விடுதியிலேயே ஒப்படைத்திருக்கிறோம். பெட்டியின் சாவி சமையல்காரரிடம் இருக்கிறது.

கணக்குத் தீர்க்கும்போது ரசீதில் உணவு 'ஜெயின் சாப்பாடு' என்று அச்சாகியிருந்தது. கணினியில் அதைத் தவிர வேறு வகை இல்லையாம். ஜெயின்கள் விலக்கும் வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் இல்லாத பண்டம் அன்றைக்கு இலையில் மிகக் குறைவு. கூடவே 'மண்டபக் கட்டணம்' என்று திருமண வீட்டாருக்குப் போடும் ஒரு தொகையும் ஏறியிருந்தது. பேத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்து, மண்டபக் கட்டணத்தை நீக்கச் செய்தார். தனி அடுப்புக்கு வாங்கிய செங்கல்லும் விறகும் ரசீதில் விட்டுப்போயிருந்ததைச் சுட்டிக்காட்டி அவற்றைச் சேர்க்கவும் சொன்னார். மேலாளர் இரண்டையும் கையால் திருத்திக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். 'ஜெயின்' என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.